வாராந்திர எடிட்டிங் சவால்: வேறு படத்து வானத்தை ஒட்டலாமா?

முக்காலி:
இந்த வாரச் சவாலில் வண்ணக்குழம்பின் படம் தேர்வானதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த கோப்பு வருவதற்குள் ஒரு விதியைப் பேசி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: வாரம் ஒருவர் தன் ரா கோப்பு (கேமரா பதிந்த, பதப்படுத்தாத மூலப் படத் தரவு) ஒன்றைத் தருவார். அதையே எல்லோரும் அவரவர் ரசனைப்படி எடிட் செய்து போடுவோம். கோப்பைத் தந்தவர் தனக்குப் பிடித்ததைச் சொல்வார், அந்தப் படத்தைச் செய்தவர் அடுத்த வாரக் கோப்பைத் தருவார். பரிசெல்லாம் கிடையாது.

இந்த முறை வந்தது ஈர மணலில் ஒரு படகு, அதற்கு நேர் பின்னால் மெல்லிய மேகத்துக்குள் சூரியன். ஜேபெக்காக (வழக்கமான, சுருக்கப்பட்ட படக் கோப்பாக) திறந்தால் வானம் முழுக்க வெளுத்துக் கிடக்கிறது. பலரும் அதை எடுத்துவிட்டு வேறு வானத்தைப் போட்டுவிட்டார்கள். என் கோரிக்கை இதுதான்: கோப்பில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. வெட்டுங்கள், இருட்டாக்குங்கள், கறுப்பு வெள்ளையாக்குங்கள், எதுவும் செய்யலாம். கடன் வாங்கிய வானமும், ஏஐ புதிதாக வரைந்து நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில்லும் மட்டும் வேண்டாம்.

வண்ணக்குழம்பு:
எனக்கு இதில் உடன்பாடே இல்லை. வானம் ஒட்டுவது நேற்று முளைத்த பழக்கம் இல்லை. 1850களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே எடுத்த கடல் படங்களைப் பாருங்கள். அன்று படம் பதிந்த கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைத்தான் அதிகம் பிடித்துக்கொள்ளும். கடலுக்குச் சரியாக எக்ஸ்போஷர் (உள்ளே விடும் ஒளியின் அளவு) வைத்தால் வானம் வெளுத்துவிடும், அதாவது இந்த வாரம் நமக்கு இருந்த அதே சிக்கல். அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, அடிவானக் கோட்டில் சேர்த்து அச்சிட்டார். அந்தப் படங்களை இன்று அருங்காட்சியகங்கள் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன. அவருக்கு இருந்த உரிமை நமக்கு ஏன் இல்லை?

சாம்பல்அட்டை:
வரலாறு இருக்கட்டும், முதலில் கோப்பைப் பார்ப்போம். டார்க்டேபிள் என்ற ரா எடிட்டிங் மென்பொருளில் திறந்து, ஒளி அளவுகளைக் காட்டும் ரா ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சேனல்களில், வானத்தில் பச்சை மட்டும்தான் உச்ச அளவில் முட்டி நிற்கிறது. சிவப்பிலும் நீலத்திலும் தகவல் அப்படியே இருக்கிறது. இது 14 பிட் கோப்பு, ஒரு சேனலுக்கு 16,384 படிகள். ஜேபெக்கில் இருப்பதோ வெறும் 256. எக்ஸ்போஷரை நன்றாகக் கீழே இறக்கி ஹைலைட் மீட்பை (வெளுத்த இடத்தில் விவரத்தை மீட்கும் வசதியை) போட்டால் அடிவானத்துக்கு மேல் வரிவரியாக மேகம் வருகிறது. பகட்டாக இல்லைதான், சாம்பலும் லேசான மஞ்சளுமாக இருக்கிறது. ஆனால் அது அந்த மாலையின் மேகம்.

வண்ணக்குழம்பு, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் படத்தில் சூரியன் இடது ஓரத்தில் இருக்கிறது, ஆனால் படகின் நிழல் நேராக நம்மைப் பார்த்து விழுகிறது. வானம் ஆரஞ்சு நிறம். அதைப் பிரதிபலிக்க வேண்டிய ஈர மணலோ இன்னும் வெளிறிய சாம்பலாகவே இருக்கிறது. படகின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், உடனே தெரியும்.

வண்ணக்குழம்பு:
நீங்கள் சொல்வது அந்த வேலையின் தரத்தைப் பற்றிய விமர்சனம். தடை போட அது காரணமாகாது. மணலின் நிறத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த யாரும் இனி வானம் மாற்றும்போது பிரதிபலிப்பை மறக்கமாட்டார்கள். தடை இருந்திருந்தால் இந்தப் பாடமே இங்கே வந்திருக்காது.

அப்புறம், ‘கோப்பில் இல்லாதது’ என்று எதைச் சொல்கிறீர்கள்? நம் கேமராக்களில் பெரும்பாலானவை 1976இல் காப்புரிமை பெற்ற பேயர் அமைப்பில் ஓடுபவை. சென்சாரில் ஒரு புள்ளி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டும்தான் அளக்கிறது. மற்ற இரண்டையும் மென்பொருள் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகிக்கிறது. அப்படியானால் படத்தின் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்! சாம்பல்அட்டை மீட்ட மேகத்திலும் பச்சை ஊகம்தான். உங்கள் ஊகத்துக்கு அனுமதி, என் வானத்துக்குத் தடையா?

முக்காலி:
நல்ல கேள்வி. ஆனால் எங்கிருந்து ஊகிக்கிறது என்று பாருங்கள். பேயர் ஊகம் அதே ஷட்டர் திறந்தபோது பக்கத்துப் புள்ளியில் விழுந்த ஒளியிலிருந்து வருகிறது. உங்கள் வானம் வேறொரு நாளில், வேறொரு இடத்தில் விழுந்த ஒளி. இரண்டும் ஒன்றாகாது.

லெ கிரேயின் இரண்டு நெகட்டிவும் அவரே எடுத்தவை. அவர் ஒரு படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். நாம் செய்வது வேறு. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸில் எடுத்த நிலவுப் படம்தான் எனக்கு இதில் முன்மாதிரி. அதே ஒரு நெகட்டிவை அவர் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆரம்பகால அச்சுகளில் வானத்தில் லேசான மேகங்கள் தெரியும், பிந்தைய அச்சுகளில் அதே வானம் கிட்டத்தட்டக் கன்னங்கரேல். ஒரு நெகட்டிவுக்குள்ளேயே அவ்வளவு இடம் இருக்கிறது. நம் சவாலின் சுவையும் அதுதான்: ஒரே கோப்பு, ஆளுக்கு ஒரு கை. ஒரே குழம்பை ஆளுக்கொரு பக்குவத்தில் வைத்து ருசி பார்ப்பதுபோல. யாரோ வெளியிலிருந்து வாங்கிவந்து ஊற்றினால் எதை எதோடு ஒப்பிடுவது?

கத்துக்குட்டி:
நான் இங்கே புதிது, கிம்ப் என்ற இலவச எடிட்டிங் மென்பொருள் மட்டும்தான் தெரியும். வானத்தைத் தொடாமல் படகின் பலகை இடுக்குகளில் ஷேடோவை (இருட்டான பகுதியை) மட்டும் வெளிச்சமாக்கி, பெயின்ட் உரிந்திருப்பது தெரியும்படி செய்திருந்தேன். பெரிய பெரிய வானங்களுக்கு நடுவில் அதைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குப் பாராட்டு வேண்டாம், அந்த ஷேடோ அளவு சரியா, அதிகமா என்று தெரிந்தால் போதும். அதனால் என் ஓட்டு விதிக்கே.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைத் துடைக்கும் ஏஐ நாய்ஸ் நீக்கம் எந்தப் பக்கம்? அதுவும் வேறு படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதானே?

சாம்பல்அட்டை:
கத்துக்குட்டி, இப்போதுதான் உங்கள் படத்தை முழு அளவில் திறந்தேன். பலகை இடுக்குகள் பிரமாதம். முன்பக்க வளைவில் மட்டும் ஷேடோவைக் கொஞ்சம் குறையுங்கள், அங்கே நாய்ஸ் பச்சையாகத் தலைகாட்டுகிறது.

ஏஐ நாய்ஸ் நீக்கம் உண்மையிலேயே எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது. மென்மையாகப் போட்டால் புள்ளிகளை மட்டும் துடைக்கும். முழு வேகத்தில் போட்டால் மரத்தில் இல்லாத ரேகையையும் அது வரையும். என்னைக் கேட்டால் அனுமதிக்கலாம், ஆனால் போட்டதைப் படத்துக்குக் கீழே எழுதிவிட வேண்டும்.

வண்ணக்குழம்பு:
பார்த்தீர்களா, விதிக்கு இப்போதே விலக்கு வந்துவிட்டது! எழுதிவிட்டால் போதும் என்பது நாய்ஸ் நீக்கத்துக்குப் பொருந்தும் என்றால் வானத்துக்கும் பொருந்தும். இது நட்புக்காக ஆடுவது. அதில் காவல் வேலை எதற்கு?

கத்துக்குட்டி சொன்னது மட்டும் மனதில் தைத்தது. அதற்கு மருந்து நாம் எல்லோரும் எல்லாப் படத்துக்கும் கருத்து எழுதுவது. வானத்தைத் தடை செய்தால் அது நடந்துவிடாது.

முக்காலி:
கருத்து எழுதுவதில் முழு உடன்பாடு. எடிட் செய்த அளவுகளைக் குறித்து வைக்கும் எக்ஸ்எம்பி கோப்பையும் சேர்த்துப் போட்டால் யார் எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தினார் என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம். வானத்தில் நான் இறங்கிவரக்கூடிய தூரம் இவ்வளவுதான்: கோப்பு தருபவர் கேமராவை ட்ரைபாடில் வைத்து, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) ஒரே காட்சியை மூன்று எக்ஸ்போஷரில் எடுத்துத் தரட்டும். அந்த மூன்றுக்குள் எதை எதோடு வேண்டுமானாலும் சேருங்கள். தனித்தனி எக்ஸ்போஷரைச் சேர்ப்பதில் லெ கிரே வழியும் அதுதானே.

வண்ணக்குழம்பு:
அடுத்த வாரக் கோப்பு என் முறை. மூன்று எக்ஸ்போஷரும் தருகிறேன், வெளி வானத்துக்கும் கதவைத் திறந்தே வைக்கிறேன். என்ன செய்தீர்கள் என்று கீழே எழுதிவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் விதி வேண்டும் என்று பெரும்பான்மை சொன்னால் கட்டுப்படுகிறேன், ஆனால் அதற்கு எதிராகத்தான் ஓட்டுப் போடுவேன்.

சாம்பல்அட்டை:
சரி. மூன்றுக்கும் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) பூட்டிவிட்டு எடுங்கள், ஆட்டோ ஃபோகஸையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சேர்க்கும் இடத்தில் நிறம் மாறியோ விளிம்பு இரட்டையாகவோ தெரியலாம்.