இரண்டு வயதில் ப்ரீஸ்கூலா, வீடா? (கறார்பேர்வழிக்கு ஒரு பதில்)

பனிமூட்டம்:
பெற்றோருக்கு விசா எடுப்பது பற்றிய இழையில் கறார்பேர்வழி போகிறபோக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போனார்: "வெளிநாட்டில் இரண்டு வயதுக் குழந்தையை ப்ரீஸ்கூலில் விடுகிறவர்கள் பிள்ளை வளர்ப்பதில்லை, பார்க்கிங் டோக்கன் போடுகிறார்கள்." விசா இழையில் இதற்குப் பதில் சொன்னால் திசை திருப்புகிறேன் என்பார். அதனால் தனி இழை.

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். மகன் நர்சரிக்குப் போகிறான். ஓர் ஆளுக்கு மூன்று குழந்தைகள்தான். மதியம் போனில் ஒரு படம் வரும். வேறு யாருடைய தொப்பியையோ மாட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக, மணல் தொட்டிக்குள் உலகத்தை ஜெயித்த மாதிரி நிற்பான். இதில் டோக்கன் எங்கே வந்தது?

கறார்பேர்வழி:
மூன்றா? இங்கிலாந்தில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஓர் ஆளுக்கு ஐந்து வரை வைத்துக்கொள்ளலாம் என்று 2023 செப்டம்பரில் மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்பே நான்கு. மூன்று என்பது இரண்டு வயது முடியாதவர்களுக்கு. தன் பிள்ளை போகிற இடத்தின் விதியே தெரியாமல் இழை திறக்க வந்துவிட்டார்கள். ஐந்து அம்மணி, ஐந்து.

பனிமூட்டம்:
அது உச்சவரம்பு. இவன் போகும் இடத்தில் மூன்றுக்கு ஒருவர்தான். தினமும் காலையில் விடுகிறவள் நான், எனக்கு எண்ணத் தெரியும்.

ஊர்சுற்றி:
ஒரு சந்தேகம். ஒருவர் நர்சரி என்கிறார், இன்னொருவர் ப்ரீஸ்கூல் என்கிறார். முழு நாள் காப்பகமா, காலை மட்டும் சில மணி நேரமா? ஒன்றரை வயதா, மூன்றை நெருங்கும் குழந்தையா? அதைச் சொல்லாமல் எதை வைத்துச் சண்டை?

கறார்பேர்வழி:
காலையில் எண்ணினாராம். மதியம் ஒருவர் இடைவேளைக்குப் போனால்? இன்னொருவர் டயபர் மாற்றப் போனால்? மிச்சம் இருப்பவர் கையில் எத்தனை? நான் சொன்ன ஐந்து என்ற கணக்காவது சட்டத்தில் இருக்கிறது. என் மகள் வீட்டில்தான் இருக்கிறாள். ஓர் ஆள், ஒரு குழந்தை. கணக்கு முடிந்தது.

ரைன்கரை:
அந்த ஓர் ஆள் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது கணக்கு என்ன ஆகும் சார்? நீங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் என்று விசா இழையில் நீங்களே எழுதினீர்கள். டேப்லெட்டையும் ஓர் ஆளாகச் சேர்த்துவிட்டீர்களா?

ஜெர்மனியில் ஒரு வயது முடிந்த எல்லாக் குழந்தைக்கும் காப்பக இடம் சட்ட உரிமை, 2013 ஆகஸ்ட் முதல். இடம் கிடைப்பது தனிக் கதை, அது வேறு. ஆனால் சேர்த்த உடனே விட்டுவிட்டு ஓட முடியாது. முதலில் நாமும் அந்த அறையில் ஒரு மூலையில் உட்கார வேண்டும். அப்புறம் சில நிமிடம் வெளியே போய் வர வேண்டும். குழந்தை அழுது, அங்கிருப்பவர் தூக்கி, அழுகை அடங்கினால்தான் அடுத்த நாள் கொஞ்சம் அதிக நேரம். இப்படி வாரக்கணக்கில் போகும். டோக்கன் போடுகிறவன் இத்தனை பாடு படுவானா?

கறார்பேர்வழி:
என் மீட்டிங் உங்களுக்கு எதற்கு? பேச்சு ஐந்தைப் பற்றி. அமெரிக்காவில் 1991 முதல் பத்து ஊர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். காப்பகத்தில் அதிக நேரம் இருந்த பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுதல் என்று வந்தது. படித்துவிட்டுப் பேசவும்.

ஊர்சுற்றி:
அதே ஆய்வில் மிச்சத்தையும் சொல்லுங்கள் பாஸ். அந்த வித்தியாசம் சின்னது, பெரும்பாலும் இயல்பான அளவுக்குள்தான் இருந்தது. காப்பகம் தரமாக இருந்தால் பேச்சு கொஞ்சம் நன்றாக வந்தது. எல்லாவற்றையும்விட வீட்டுச் சூழலும் பெற்றோரும்தான் அதிகம் தீர்மானித்தார்கள். பாதியைக் கத்தரித்துக் கொண்டுவருவது உங்களுக்குப் புதிதில்லை. தடுப்பூசி இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

கறார்பேர்வழி:
தடுப்பூசி இழையில் பாதியில் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அது இருக்கட்டும். தரமாக இருந்தால் என்கிறீர்களே, ஐந்து பேருக்கு ஒருவர் தரமா? இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை. தமிழ் வேறு போய்விடும். நாள் முழுக்க ஆங்கிலம் கேட்கிற பிள்ளை வீட்டில் எப்படித் தமிழ் பேசும்?

பனிமூட்டம்:
எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான், அவனும் பேசுகிறான். நர்சரியில்தான் முதல் சில மாதம் வாயே திறக்கவில்லை. புது மொழிக்குள் போகும் குழந்தை அப்படிக் கேட்டுக்கொண்டே இருக்குமாம், பிறகு தானாகப் பேசுமாம். பேசினான். உங்கள் மகளுக்கு அந்தக் கட்டம் நேராகப் பள்ளியில்தான் வரும்.

கறார்பேர்வழி:
என் மகளை இழுக்க வேண்டாம்.

பனிமூட்டம்:
"என் மகள் வீட்டில்தான்" என்று இழுத்துவந்தது நீங்கள்.

வந்துபோகும்தாத்தா:
பெரியவர்களைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் யார் பார்ப்பது? ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்த நாங்கள்தான். முதலில் நான், நான் கிளம்பினால் சம்பந்தி, ஷிப்ட் மாற்றுகிற மாதிரி. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கார் ஓட்டத் தெரியாது, முட்டி வலியோடு ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கவும் முடியாது. இதை "வீட்டு வளர்ப்பு" என்று பெருமையாக எழுதுகிறார்கள்.

கறார்பேர்வழி:
ஐயா, பேரப்பிள்ளையைப் பார்க்கக் கசக்கிறது என்றால் வராமல் இருந்திருக்கலாம். உங்களை யாரும் கட்டி இழுக்கவில்லை.

வந்துபோகும்தாத்தா:
தம்பி, பேத்தி கசக்கவில்லை. டிக்கெட்டைக் கேட்காமலே தள்ளிப்போட்ட மகன்தான் கசக்கிறான். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் அவன் சாயல் தெரிகிறது.

ரைன்கரை:
கறார் சார், பெரியவரிடம் பேசுகிற முறையா இது?

கறார்பேர்வழி:
முறை பற்றி டேப்லெட் கிண்டல் அடித்தவர் பேசுகிறார். இத்தனை பதிவிலும் என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. முழு நாளா, அரை நாளா, எந்த வயது என்று நான் நான்காவது பதிவிலேயே தெளிவாகக் கேட்டிருந்தேன்.

ஊர்சுற்றி:
நான்காவது பதிவு என்னுடையது.

கறார்பேர்வழி:
நடுவில் யாரோ எதையோ நீக்கியிருப்பார்கள். மட்டுறுத்துநர் வந்து விளக்கட்டும், அதுவரை நான் இங்கேதான் இருப்பேன்.