கைக்கு வந்தும் நழுவிய கார்பீன், ரேடிக்கல்: உங்களுக்கு நடந்தது என்ன?

ஆர்கான்குடுவை:
பிஎச்.டி. முதல் வருடம், ஐபிஆர் என்ற கார்பீன் (இரண்டே பிணைப்போடு நிற்கும் கார்பன் உள்ள மூலக்கூறு) செய்யப்போனேன். இமிடசோலியம் உப்பிலிருந்து அந்த ஒரு புரோட்டானைக் கழற்ற மூன்று நாள் ஆனது. காற்றுப் புகாத க்ளோவ்பாக்ஸில் வெள்ளைத் தூள் கிடைத்துவிட்டது. பென்சீன்-டி6 (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள கரைப்பான்) தீர்ந்திருந்ததால், அதே வகைக் குளோரோஃபார்ம்-டியில் கரைத்து, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவிக்கு ஓடினேன். இரவு முழுக்க ஓட்டியும், கார்பீன் கார்பனின் சிக்னல் வரவேண்டிய 220 பிபிஎம் பக்கம் வெறும் கோடு. குளோரோஃபார்மிடமிருந்து டியூட்டீரியத்தைப் பிடுங்கிக்கொண்டு கார்பீன் மறுபடி உப்பாகியிருந்தது! 1991இல் அமெரிக்க வேதியியலாளர் அர்டுவெங்கோ முதன்முதலில் கார்பீனைப் பாட்டிலில் அடைத்தார் என்று படித்ததை நம்பி, இனி அது எதிலும் நிற்கும் என்று நினைத்துவிட்டேன். அந்த வெறும் கோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மஞ்சள்கரைசல்:
முதன்முதலில் என்று சொல்லாதீர்கள். 1988லேயே பிரான்சின் துலூசில் பெர்ட்ரான் குழு, கார்பனுக்கு ஒரு பக்கம் பாஸ்பரஸும் மறுபக்கம் சிலிக்கானும் வைத்து ஒரு கார்பீனைச் செய்துவிட்டது.

நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். என் கதை ரேடிக்கல் (ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு) பற்றியது, வகுப்பில் செய்து காட்டினேன். ட்ரைட்டைல் குளோரைடு, துத்தநாகத் தூள், டொலுயீன். 1900இல் மிச்சிகனில் கோம்பெர்க் என்ற வேதியியலாளர் கண்ட அதே ரேடிக்கலின் மஞ்சள். காற்றோடு குலுக்கினால் நிறம் போகும், வைத்தால் திரும்ப வரும். "மேடம், எங்கேயிருந்து திரும்பி வருது?" என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டு ரேடிக்கல்களின் நடுக் கார்பன்கள் சேர்ந்த ஹெக்சாஃபீனைல்ஈத்தேன் உடைந்து வருகிறது என்றேன். தவறு. ஒரு ரேடிக்கலின் நடுக் கார்பன் மற்றதன் பென்சீன் வளையத்தில் எதிர்முனையான பாரா இடத்தில் ஒட்டிய இரட்டை மூலக்கூறு அது, 1968லேயே நிரூபித்துவிட்டார்கள். எனக்குத் தெரிவதற்குள் அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள்.

உலர்கரைப்பான்:
மேடம், 1988இல் கிடைத்தது எண்ணெய். 1991இல் கிடைத்தது படிகம், 240 டிகிரியில் உருகுவது, எக்ஸ்ரேயில் அமைப்பே தெரிந்தது. இரண்டையும் ஒன்றாக்க முடியாது. நைட்ரஜன்களில் ஒட்டிய பெரிய அடமான்டைல் தொகுதிகள்தான் அதைக் காப்பாற்றின என்பார்கள். அடுத்த வருடமே சிறிய மெத்தில் தொகுதிகளை வைத்தும் செய்தார்கள். இரு பக்க நைட்ரஜனும் கார்பீன் கார்பனின் காலி ஆர்பிட்டலுக்கு (எலக்ட்ரான் உட்காரும் இடம்) எலக்ட்ரான் தருவதுதான் பெரிய காரணம்.

என் அனுபவம்: சாதா மூடி போட்ட என்.எம்.ஆர். குழாய், வரிசையில் இரண்டு மணி நேரம், காற்று புகுந்து கார்பீன் போச்சு.

ஆர்கான்குடுவை, கேளுங்கள். உப்பை வெற்றிடத்தில் சூடாக்கி ஓர் இரவு உலர்த்துங்கள். புரோட்டானைக் கழற்றும் காரமான பியூட்டாக்சைடு பழசென்றால் பதங்கமாக்கிச் சுத்தம் செய்யுங்கள். டி.எச்.எஃப். கரைப்பானைச் சோடியம், பென்சோஃபினோனோடு கொதிக்கவிட்டு, நீலம் நிலைத்த பிறகே காய்ச்சி வடியுங்கள். அந்த நீலமும் ஒரு ரேடிக்கல்தான். பென்சீன்-டி6ஐ ஈரம் உறிஞ்சும் மாலிகுலர் சீவ் மணிகள் மேல் வையுங்கள். திருகு வால்வு உள்ள குழாயே வாங்குங்கள். அப்புறம், குளோரோஃபார்ம் பாட்டிலை க்ளோவ்பாக்ஸுக்குள் விடவே விடாதீர்கள்.

ஆர்கான்குடுவை:
அந்தக் குளோரோஃபார்ம் வெளி அலமாரியில்தான் இருந்தது. நானேதான் உள்ளே கொண்டுபோனேன்.