துப்பாக்கியில் 'ஹெர்மிடேஜ் கன் கம்பெனி' என்று இருக்கிறது. செய்தது யார்?

டென்னசிவாசி:
வணக்கம். நாஷ்வில்லுக்கு வெளியே குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டியின் தாத்தா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி பரணில் கிடைத்திருக்கிறது. விவரம் தேடித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார். 12 கேஜ் (குழல் துளையின் அளவு), வெளியே தெரிகிற இரண்டு குதிரைகள் (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்திகள்), குழல் முழுக்க மரரேகை போல வரிகள். பக்கத் தகட்டில் 'ஹெர்மிடேஜ் கன் கம்பெனி'. மூன்று நாளாகத் தேடியும் அப்படி ஒரு தொழிற்சாலை இருந்த தடயமே இல்லை. வேட்டைக்குப் போகிற பேரனுக்குக் கொடுக்க நினைக்கிறார். யார் செய்தது, எந்த வருடம், சுடலாமா?

பழைய இரும்பு:
முதலில் நெம்புகோலைத் தள்ளித் திறந்து, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள். பரணில் கிடந்தவை சில சமயம் தோட்டாவோடேயே கிடந்திருக்கும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தத் தொழிற்சாலை உங்களுக்குக் கிடைக்காது. அது கடைக்காரர் வைத்த பெயர். நாஷ்வில்லில் கிரே அண்ட் டட்லி என்ற பெரிய ஹார்டுவேர் வியாபாரிகள் இருந்தார்கள்; இது அவர்கள் வைத்த பெயர். நாஷ்வில் பக்கத்தில் இருக்கும் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் பண்ணை வீட்டுப் பெயர் ஹெர்மிடேஜ். அந்த ஊர்க்காரர் எவருக்கும் மனதில் நிற்கும் பெயர். நம் கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும், செய்த பட்டறையின் பெயர் இருக்காதே, அதே கதை. அந்தக் காலத்தில் ஹார்டுவேர் கடைகளும் தபால் விற்பனைக்காரர்களும் மொத்தமாக ஆர்டர் கொடுத்துத் தங்கள் பெயரைப் பொறித்து வாங்கினார்கள். செயின்ட் லூயிஸின் ஷாப்லி கடைக்கு 'கிங் நைட்ரோ', சியர்ஸுக்கு 'ரேஞ்சர்', இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. இந்த வேலையில் முன்னணியில் நின்றது கனெக்டிகட் மாநிலம் நார்விச்சில் இருந்த கிரசென்ட் ஃபயர் ஆர்ம்ஸ். ஹெர்மிடேஜும் அவர்கள் செய்ததுதான்.

லியேஜ் பிரியன்:
கொஞ்சம் பொறுங்கள். வரி ஓடும் குழல் என்றால் பெல்ஜியமாகவும் இருக்கலாம். இங்கிலாந்தின் பெரிய பெயர்களைச் சற்றே மாற்றிப் பொறித்து, மலிவு இரட்டைக்குழல்களை அமெரிக்காவுக்கு அனுப்பிய ஊர் லியேஜ். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுத்து, அடிப்பக்கம் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி என்ற ஆங்கில எழுத்துகளும் நட்சத்திரமும் இருந்தால் அது குழல் தாங்குமா என்று சுட்டுப் பார்க்கும் லியேஜ் சோதனைச் சாலையின் முத்திரை. மேலே கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தையது.

டென்னசிவாசி:
கழற்றிவிட்டேன். காலியாகத்தான் இருந்தது. அடியில் நீள்வட்டம் இல்லை, கிரீடம் இல்லை. குழல், உடல், முன்கட்டையின் இரும்பு மூன்றிலும் ஒரே எண். அந்த எண்ணை வைத்து வருடம் சொல்ல முடியுமா?

லியேஜ் பிரியன்:
அப்படியானால் என் சந்தேகம் தீர்ந்தது. பெல்ஜியத்தில் முத்திரை கட்டாயம். அமெரிக்காவில் அப்படி அரசுச் சோதனை கிடையாது. வரி ஓடும் குழல்களை அமெரிக்கத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் லியேஜிலிருந்து வரவழைத்துத்தான் பொருத்தின. ஆகவே வரியை மட்டும் பார்த்து ஊர் சொன்னது என் அவசரம்.

பழைய இரும்பு:
மூன்று எண்ணும் ஒன்றாக இருப்பது நல்ல செய்தி. மூன்றும் ஒரே துப்பாக்கிக்குச் செய்தவை, அவற்றில் பின்னால் மாற்றியது எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்து வருடம் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிச் சட்டத்துக்கு முன் இந்த மாதிரித் துப்பாக்கிக்கு எண் போடுவதே கட்டாயமில்லை. கிரசென்ட் 1890களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது; விரைவிலேயே நியூயார்க்கின் ஃபோல்சம் வியாபாரிகள் கைக்குப் போனது; 1930களின் தொடக்கத்தில் சாவேஜ் என்ற துப்பாக்கி நிறுவனம் வாங்கிக்கொண்டது. உங்களுடையது அதற்கு இடைப்பட்ட காலத்தது. வரிக் குழலும் வெளிக்குதிரையும் அதன் முற்பகுதியைக் காட்டுகின்றன. 1898 அல்லது அதற்கு முன் செய்தது என்றால்தான் கூட்டாட்சிச் சட்டப்படி 'ஆன்டிக்', அதாவது பழம்பொருள். பெயரை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது, அதனால் சாதாரணத் துப்பாக்கியாகவே நடத்தச் சொல்லுங்கள்.

சுடுவதைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன்: வேண்டாம். இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றி உலையில் ஒட்டிய குழல் அது. ஒட்டுக்குள் நூறு வருடத் துரு எங்கே இறங்கியிருக்கிறது என்று வெளியே தெரியாது. அழுத்தம் குறைந்த பழைய கருமருந்துக் காலத்துக்காகச் செய்த குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால், வெடிக்கிற இடம் இடது கை பிடித்திருக்கும் இடம். தோட்டா உட்காரும் அறையின் நீளமும் இன்றைய 2¾ அங்குலத்தைவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. அந்தப் பையனிடம் நேரில் சொல்லுங்கள். பாட்டி மூலமாகச் சொன்னால் கேட்பானோ மாட்டானோ.

டென்னசிவாசி:
சொல்லிவிட்டேன். சுவரில் மாட்டப் போகிறானாம். கிரே அண்ட் டட்லி என்றதும் பாட்டிக்கு முகமே மாறிவிட்டது. தாத்தா நாஷ்வில்லுக்குப் போனால் அந்தக் கடையில்தான் ஆணியும் கம்பியும் வாங்குவாராம், சிறுவயதில் கேட்டிருக்கிறார். விலை எவ்வளவு போகும் என்று மகள் கேட்கிறார்.

பழைய இரும்பு:
பெரிதாகப் போகாது. அன்றைக்கே விவசாயிகள் வாங்கிய மலிவுத் துப்பாக்கி, எண்ணிக்கையிலும் ஏராளம். தேய்த்துப் பளபளப்பாக்க மட்டும் விடாதீர்கள், வரியும் எழுத்தும் அழிந்துவிடும். மெல்லிய எண்ணெய் தடவினால் போதும். பாட்டி சொன்ன அந்தக் கடைக் கதையை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி, துப்பாக்கியோடு வைக்கச் சொல்லுங்கள்.