மகளின் விரலிலும் பாதத்திலும் மரு: கொழும்பில் தோல் வைத்திய நிபுணரைத் தெரிவு செய்வது எப்படி?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்)

அனைவருக்கும் வணக்கம். தரம் ஏழில் படிக்கும் என் மகளின் வலது கைச் சுட்டுவிரலில், நகத்தின் ஓரமாக, சொரசொரப்பான இரண்டு மருக்கள் சில மாதங்களாக இருக்கின்றன. அண்மையில் இடது குதிக்காலிலும் கடினமான ஒரு தடிப்பு தோன்றியிருக்கிறது. அதன் நடுவே கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. பாடசாலையில் வலைப்பந்து விளையாடிவிட்டு வரும் நாட்களில் கால் நோகிறது என்கிறாள். மாமி அதனைக் கால் ஆணி என்கிறார், வேரோடு பிடுங்க வேண்டும் என்றும் சொல்கிறார். மருக்களின் மேல் அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவினால் உதிர்ந்துவிடும் என்பது அயலவரின் ஆலோசனை. வீதியோரத்து அழகு நிலையம் ஒன்றில், ஒரே தடவையில் எரித்து எடுத்துவிடலாம் என்றார்கள்.

தரம் ஆறில் பாடசாலையிலேயே எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) தடுப்பூசி போட்டிருக்கும்போது மரு எப்படி வந்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை. இது உண்மையில் என்ன, யாரிடம் காட்டுவது, அரச வைத்தியசாலைக்குப் போவதா அல்லது தனியாரிடம் சனல் பண்ணுவதா (பணம் கட்டி முன்பதிவு செய்து காட்டுவதா) என்பதை, அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் (தோல் கிளினிக்கில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், தெஹிவளை)

தங்கை, நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது முறையல்ல என்றாலும், நீங்கள் விவரிக்கும் அடையாளங்கள் மருவுக்கே பொருந்துகின்றன. அந்தக் கறுப்புப் புள்ளிகள் வேர் அல்ல. மருவுக்குள் நீண்டு வளர்ந்த நுண்ணிய இரத்தக் குழாய்களில் உறைந்த இரத்தமே அப்படித் தெரிகிறது. மருவுக்கு வேர் என்று ஒன்று கிடையாது, அது தோலின் மேலடுக்கில் மட்டுமே வளர்வது. ஆகவே பிளேடால் தோண்டினால் இரத்தம் வருமே தவிர நோய் தீராது. அந்தக் காயத்தின் வழியே மருவை உண்டாக்கும் வைரஸ் அருகிலுள்ள தோலுக்கும் பரவக்கூடும்.

கால் ஆணியையும் மருவையும் பிரித்தறிய ஓரளவு உதவும் வழிகள் உண்டு. பாதத் தோலில் ஓடும் கோடுகள் ஆணியின் மேல் தொடர்ந்து செல்லும். மருவின் விளிம்பை அடைந்ததும் விலகிவிடும். நேராக அழுத்தும்போது ஆணி கூடுதலாக நோகும், இரு பக்கமும் பிடித்துக் கிள்ளும்போது மரு கூடுதலாக நோகும். இவற்றை வைத்து வீட்டிலேயே முடிவெடுக்க வேண்டாம். வைத்தியரிடம் சொல்லுவதற்குத் தெரிந்து வைத்திருங்கள், அது போதும்.

தடுப்பூசி வீணாகிவிட்டதோ என்ற கவலையை அடியோடு விட்டுவிடுங்கள். மருவை உண்டாக்குவதும் எச்.பி.வி. எனப்படும் வைரஸ் குடும்பமே, ஆனால் அக்குடும்பத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. இலங்கையில் 2017 ஆம் ஆண்டு முதல் தரம் ஆறு மாணவிகளுக்குக் கொடுக்கப்படும் தடுப்பூசியின் முதன்மையான நோக்கம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயுடன் தொடர்புடைய 16, 18 ஆகிய வகைகளைத் தடுப்பது. கையிலும் காலிலும் வரும் மருக்களுக்குப் பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 போன்ற வேறு வகைகளே காரணம். ஊசி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இந்த மருக்கள் அதன் எல்லைக்குள் வருபவை அல்ல. பிள்ளை நகம் கடிப்பவளா என்று கவனியுங்கள். நகத்தோரம் மரு பரவுவதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் பெரும்பகுதி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் சிகிச்சையே இல்லாமல் மறைந்துவிடும் என்பதால், நோவில்லாத மருவுக்குப் பொறுத்திருப்பதும் ஏற்கத்தக்க வழியே. உங்கள் மகளுக்குக் கால் நோகிறது, விரல் மரு நகத்துக்கு அருகில் இருக்கிறது என்பதால் நிபுணரிடம் காட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

மரு என்று உறுதியானால், முதலில் சலிசிலிக் அமிலம் கலந்த மருந்தைத் தருவது வழக்கம். அதைப் பூசும் முறையில்தான் பலருக்குத் தவறு நேர்கிறது. பாதத்தை வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான மேல் தோலை நகம் தேய்க்கும் அட்டையால் மெதுவாக உரசி எடுத்து, சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாஸ்லின் தடவிய பின் மருவின் மேல் மட்டும் மருந்தை வைக்க வேண்டும். அந்த அட்டையை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. இதை நாள்தோறும் மூன்று மாதம் வரை தொடர வேண்டியிருக்கும், இரண்டு வாரத்தில் பலனில்லை என்று நிறுத்திவிட்டால் செய்ததெல்லாம் வீண். இந்த மருந்து முகத்துக்கும் மறைவிடத்துக்கும் ஆகாது.

மற்றொரு முறை −196 பாகை செல்சியஸ் குளிருள்ள திரவ நைதரசனால் மருவை உறையச் செய்வது. அது சில விநாடி வேலைதான், ஆயினும் நோகும். பிறகு கொப்புளம் எழலாம். இரண்டு மூன்று வார இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ சில மாதம் நிற்கக்கூடும். நகத்தின் ஓரத்தில் அளவு மீறினால் நகமே கோணலாக வளரலாம். விறைப்பு ஊசி போட்டு மின்சூட்டால் எரிப்பதும் உண்டு, ஆனால் பாதத்தில் தழும்பு விழுந்தால் நடக்கும்போது காலமெல்லாம் உறுத்தும். அழகு நிலையத்தில் பிள்ளையின் காலைக் கொடுத்துவிடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

அம்மான் பச்சரிசிப் பாலும் வேண்டாம். அது தோலைப் புண்ணாக்கக்கூடியது, கை தவறிக் கண்ணில் பட்டால் பெரும் துன்பம்.

பதில் (கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தந்தை)

அக்கா, இடம் பற்றி நான் சொல்கிறேன். அரச வைத்தியசாலையில் பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. தேசிய வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது. பிள்ளை என்பதால் பொரளையிலுள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும், வெள்ளவத்தைக்கு அண்மையில் களுபோவிலவிலுள்ள தென் கொழும்பு போதனா வைத்தியசாலையும் பொருத்தமானவை. முதலில் ஓ.பி.டி. எனப்படும் வெளிநோயாளர் பிரிவிலோ உங்கள் குடும்ப வைத்தியரிடமோ காட்டி, தோல் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டால் அலைச்சல் குறையும். காத்திருக்க வேண்டிவரும் என்பதால் பாடசாலை விடுமுறையைப் பார்த்து நாளைத் தெரிவு செய்யுங்கள்.

தனியாரிடம் சனல் பண்ணுவதானால், பெயர்ப் பலகையில் உள்ள 'ஸ்கின்' என்ற சொல்லை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எம்.பி.பி.எஸ். முடித்து ஒப்பனைச் சிகிச்சை செய்பவரும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் தோல் மருத்துவத்தில் எம்.டி. முடித்து நிபுணரானவரும் ஒருவரல்லர். இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயரைச் சரிபார்க்கலாம். தகுதியைக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. முன்பதிவு செய்யும்போதே, திரவ நைதரசன் சிகிச்சை அங்கேயே, அதே நாளில் செய்யப்படுமா, அதற்குக் கட்டணம் வேறா என்று கேட்டுவிடுங்கள். ஆலோசனைக்கு ஒரு நாள், சிகிச்சைக்கு இன்னொரு நாள் என்று இரு முறை பணம் கட்ட நேர்வதை இதனால் தவிர்க்கலாம். தமிழில் பேசும் வைத்தியர் வேண்டுமென்றாலும் அப்போதே சொல்லலாம். நோவு எப்படி என்று பிள்ளையே தன் வாயால் விவரிப்பது நல்லது.

கேள்வி (கல்கிசையிலிருந்து ஒரு வாசகர்)

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நீரிழிவு உள்ள என் அப்பாவுக்கும் பாதத்தில் இதே போன்ற ஒன்று இருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஆணி பிளாஸ்டரை ஒட்டலாமா?

பதில் (ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், தெஹிவளை)

ஒட்டவே கூடாது, தம்பி. அந்த பிளாஸ்டரில் இருப்பதும் சலிசிலிக் அமிலம்தான். நீரிழிவால் பாத உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், தோல் வெந்து புண்ணாவதே அப்பாவுக்குத் தெரியாமல் போகும். அவரது நீரிழிவு கிளினிக்கிலேயே காலைக் காட்டுங்கள். பெரியவர்களுக்குப் புதிதாகத் தோன்றி வேகமாக வளர்வது, இரத்தம் கசிவது, நிறம் மாறுவது, நகத்தின் அடியிலேயே நீண்ட காலம் நிற்பது ஆகியவற்றை மரு என்று எண்ணி வீட்டில் வைத்தியம் செய்யக் கூடாது. அரிதாக அவை தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதால் சிறு துண்டெடுத்துப் பரிசோதிப்பார்கள்.

வெளியே கேட்கக் கூசுபவர்களுக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மறைவிடத்தில் வரும் மருக்களுக்குக் கொழும்பு 10, டி சேரம் பிளேஸிலுள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகவும் இரகசியம் காத்தும் சிகிச்சை அளிக்கிறார்கள். தயங்காமல் போகலாம்.

கேள்வி கேட்டவர் (வெள்ளவத்தை)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு களுபோவிலவுக்கே போகத் தீர்மானித்துவிட்டோம். அதுவரை அவள் நீச்சல் வகுப்புக்குப் போகலாமா? வீட்டில் தம்பியும் இருக்கிறான்.

பதில் (ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், தெஹிவளை)

தாராளமாகப் போகலாம், தங்கை. நீர் புகாத பிளாஸ்டரால் மருவை மூடி, தடாகத்தின் ஓரத்திலும் குளியலறையிலும் செருப்புடன் நடக்கச் சொல்லுங்கள், ஈரமான தரையில்தான் இது எளிதில் தொற்றும். துவாய், செருப்பு, காலுறை ஆகியவற்றைத் தம்பியுடன் பகிராமல் இருந்தால் போதும். அவனைத் தள்ளி வைக்கத் தேவையில்லை. கிளினிக்குக்குப் போகும் நாளில் மருக்களின் மேல் எதையும் பூசாமல் அழைத்துச் செல்லுங்கள். கடந்த மாதங்களில் எடுத்த படங்கள் கைபேசியில் இருந்தால் அவற்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.