வாழும் முறையை மாற்றுவது வீட்டின் வரைபடமா, வீட்டுவசதி விதிகளா?

கேள்வி (முற்றம்):
அண்டை வீட்டாரோடு பழகுவதும் பிள்ளைகள் விளையாடும் இடமும் கட்டட வடிவமைப்பைப் பொறுத்தவை என்றுதான் கட்டடக்கலை வகுப்பில் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். ஆனால் ஏறத்தாழ ஒரே மாதிரியான அடுக்குமாடிகள் ஓரிடத்தில் தழைத்து, வேறோரிடத்தில் சீரழிவதைப் படிக்கும்போது, அரசு வகுக்கும் விதிகளுக்கே கூடுதல் வலு இருக்கிறதோ என்ற ஐயம் எழுகிறது. எடுத்துக்காட்டுகளோடு விளக்க முடியுமா?

மறுமொழி (நிலைப்படி):
வடிவமைப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காகக் கட்டடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறையின் அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அடுப்பும் தொட்டியும் அலமாரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் இருவர் சேர்ந்து நின்று சமைக்க அங்கே இடமில்லை. எந்தச் சட்டமும் சொல்லாமலே சமையல் ஒருத்தியின் தனி வேலையாயிற்று. சுமார் 10,000 வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது நகராட்சியின் திட்டத்தால்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி (செங்கல்):
கேள்விக்கு நேரான விடை மின்தூக்கியில் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1950-களில் எழுந்த புரூட்-ஐகோ குடியிருப்பில் 11 மாடிக் கட்டடங்கள் 33 இருந்தன. செலவை மிச்சப்படுத்த, மின்தூக்கி மூன்று தளங்களுக்கு ஒருமுறை மட்டுமே நிற்கும்படி அமைத்தார்கள். மற்றத் தளங்களில் இருப்போர் இறங்கிப் படிக்கட்டில் போக வேண்டும், அந்தப் படிக்கட்டுகளே பின்னர் அச்சத்துக்குரிய இடங்களாயின. 1972-இல் இடிப்பு தொடங்கியதும் பழி முழுவதும் கட்டடக்கலைஞர் மீது விழுந்தது (வசதியான பழிதான்!). கட்டுவதற்கு மத்திய அரசு பணம் தந்தாலும், பராமரிப்பை வாடகை வருவாயைக்கொண்டே நடத்த வேண்டியிருந்தது. நகரின் மக்கள்தொகை சரிந்து வீடுகள் காலியாக, வருவாய் குறைந்தது, பழுதுபார்ப்பும் தடைப்பட்டது.

சிங்கப்பூரின் பழைய அரசு அடுக்குமாடிகள் பலவற்றிலும் மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நின்றதில்லை. முதியோர் பெருகியபோது, 2001 முதல், குடியிருப்போரில் 75 விழுக்காட்டினர் வாக்களித்து ஒப்பினால் அரசு செலவின் பெரும்பகுதியை ஏற்று, தளந்தோறும் நிற்கும்படி மாற்றிக்கொடுத்தது. குறை ஒன்றே, அதைச் சரிசெய்யப் பணமும் பொறுப்பும் ஓரிடத்தில் இருந்தன, மற்றோரிடத்தில் இல்லை.

மறுமொழி (நிலைப்படி):
ஏற்கிறேன், ஆனால் சிங்கப்பூரின் விதிகள் எல்லாமே இப்படி இதமானவை அல்ல. 1989 முதல் ஒவ்வோர் அரசு அடுக்குமாடிக் கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் எத்தனை வீடுகள் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. இனவாரியாகப் பிரிந்து குடியேறுவதைத் தடுக்கும் நோக்கம் நல்லதே. ஆயினும் சீனர்களுக்கான வரம்பு நிரம்பிய கட்டடத்தில் தமிழரோ மலாய்க்காரரோ தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவதால், விற்பவர் கூடுதல் காலம் காத்திருக்கவோ விலையைக் குறைக்கவோ நேர்கிறது. அந்த வீட்டின் வரைபடத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியப்போவதில்லை.