தாத்தா வீட்டு ஆர்கன்: ஒரு கட்டை தொடாமலே ஒலிக்கிறது, உதவி வேண்டும்

செபராங்ஜெயா_பேரன்: வணக்கம். தாத்தா வீட்டு ஆர்கனை மறுபடி வாசிக்கும்படி ஆக்கப் பார்க்கிறேன். நடுவில் ஒரு கட்டை தொடாமலே ஓயாமல் ஒலிக்கிறது. பக்கத்தில் இரண்டு கட்டைகள் ஊமை. ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிறார், அதற்குள் சரிசெய்யணும். அவசரம்.

கிள்ளான்_கீபோர்டு: எந்த மாடல்? அடாப்டர் எத்தனை வோல்ட்? கட்டைக்கு அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கும், மாற்றினால் போதும்.

செபராங்ஜெயா_பேரன்: அண்ணே, இதற்குக் கரண்டே கிடையாது. மரப்பெட்டி. காலால் மிதிக்கணும்.

பஜனை_தம்பி: அப்படியென்றால் ஈரம்தான், வேறொன்றும் இல்லை. பினாங்கில் எந்த மரம் உப்பாமல் இருக்கும்? ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வாங்கி உள்ளே போடுங்கள்.

சுருதி_வாத்தியார்: கேட்பதற்கு முன் பெட்டியைச் சுற்றி ஒருமுறை பார்க்கும் வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. யார் செய்தது? ஊதும் வகையா, உறிஞ்சும் வகையா? ஒலியை மாற்றும் இழுப்புக் குமிழ், அதாவது ஸ்டாப், எத்தனை? சோசியம் பார்த்தா சொல்ல முடியும்?

செபராங்ஜெயா_பேரன்: முகப்பில் எஸ்டே, பிராட்டல்போரோ என்று இருக்கிறது. மற்றது தெரியவில்லை சார்.

சுருதி_வாத்தியார்: இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். எஸ்டே அமெரிக்காவில் வெர்மான்ட் கம்பெனி, ஐந்து லட்சத்துக்கு மேல் ரீட் ஆர்கன் செய்தவர்கள். ரீட் என்பது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு, அதன் சட்டத்தோடு. உறிஞ்சும் வகை. மிதித்தால் துருத்தி உள்காற்றை வெளியே தள்ளும், வெளிக்காற்று ரீட் வழியாக உள்ளே இழுபடும்.

ஒலிக்கிற கட்டையை விரலால் மேலே தூக்குங்கள். ஒலி நின்றால் கட்டைதான் உப்பி மாட்டியிருக்கிறது. நிற்காவிட்டால் கட்டைக்குக் கீழே உள்ள குச்சி சிக்கியிருக்கும், அல்லது காற்றுவாயை மூடும் அடைப்பானில் தூசி, ஸ்பிரிங் தளர்ச்சி. ஊமைக் கட்டைகளுக்கு ரீட்டைக் கொக்கியால் மெதுவாக இழுத்து எடுத்து, நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் மெல்லிய தாளை ஓட்டுங்கள். பெரும்பாலும் ஒரு துளி அழுக்குதான். கத்தி, உப்புத்தாள் படவே கூடாது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும்.

பாயான்லெப்பாஸ்_தச்சன்: துருத்தித் துணி கிழிந்திருந்தால் வச்சிரம் (மாட்டுத்தோல், எலும்பில் காய்ச்சும் பசை) போட்டே ஒட்டுங்கள். வெள்ளைப் பசை போட்டால் பின்னால் திறக்கிறவர் மரத்தோடு பிய்த்துத்தான் எடுக்கணும். வச்சிரம் வெந்நீருக்கு இளகும்.

பஜனை_தம்பி: இந்த ஊர் ஈரத்தில் வச்சிரம் பூசணம் பிடிக்காதா? அதனால்தான் சிலிக்கா என்றேன்.

ராகம்_தாளம்: எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வராத பெட்டி. அகில இந்திய வானொலியே 1940இல் இதே ரீட் வகை ஹார்மோனியத்தைத் தடை செய்தது.

பஜனை_தம்பி: 1971இல் தளர்த்தியதைச் சொல்லவில்லையே! வானொலி தடுத்தது, எந்தப் பஜனை மடம் தூக்கிப் போட்டது?

ராகம்_தாளம்: மடத்துக்கும் கச்சேரிக்கும் வித்தியாசம் இல்லையா?

சுருதி_வாத்தியார்: கேட்டவர் வீட்டில் இருப்பது தேவாலயப் பாட்டுக்கான பெட்டி, கமகத்துக்கு அங்கே வேலையில்லை. கோலாலம்பூர் செயின்ட் மேரிஸ் பேராலயத்தில் 1895இல் ஹென்றி வில்லிஸ் செய்த குழாய் ஆர்கன் இருக்கிறது. அதையும் தூக்கிப் போடச் சொல்வீர்களா?

ராகம்_தாளம்: நான் தூக்கிப் போடச் சொல்லவே இல்லை.

செபராங்ஜெயா_பேரன்: தூக்கியதும் நின்றது. கொஞ்சம் தேய்த்துவிட்டோம், இப்போது ஓகே. ஊமையில் ஒன்று பேசுகிறது, இன்னொன்று இல்லை. அத்தை வந்தாச்சு, அப்புறம் எழுதுகிறேன். நன்றி.

பாயான்லெப்பாஸ்_தச்சன்: எதைத் தேய்த்தீர்கள்? கட்டையின் பக்கத்தையா, ஆணி ஓட்டையையா?

கிள்ளான்_கீபோர்டு: படம் போடுங்கள் தம்பி.