சிகாமட் கருங்கல்: தட்டு அமிழ்ந்து வந்ததா?

மலேசியாவின் ஜொகூரில் உள்ள சிகாமட்டின் பசால்ட் (எரிமலைக் குழம்பு உறைந்த கரிய கல்) எப்படி வந்தது என்று செம்மண், கருங்கல், குவாரி என்ற மூவர் வாதாடுகிறார்கள்.

செம்மண்: சிகாமட் தோட்டங்களில் செம்பனை நிற்கும் செம்மண்ணில் ஒரு பகுதி எரிமலைக் கல் மக்கியது. அந்தக் கல்லின் தனிமங்களின் அளவைக் காட்டும் வரைகோட்டில் நையோபியமும் டான்டலமும் பள்ளமாக இறங்கினால், கடல்தட்டு இன்னொரு தட்டின் கீழே அமிழ்ந்த இடத்து எரிமலைதானே? பக்கத்து மாநிலம் பகாங்கின் பெர்மியன், திரியாசிக் காலத்து (சுமார் 30 முதல் 20 கோடி ஆண்டுக்கு முந்தைய) எரிமலைகளோடு சேர்த்துவிடலாம்.

கருங்கல்: சேர்க்க முடியாது அண்ணே. பகாங் எரிமலைகள் பேலியோ டெத்தீஸ் என்ற பழங்காலக் கடலின் தட்டு கிழக்கே அமிழ்ந்தபோது வந்தவை. அந்தக் கடல் மூடிய தழும்புதான் பெந்தோங்-ராவுப் கோடு: ராடியோலேரியா செர்ட் (கடல் நுண்ணுயிர் ஓடுகளால் ஆன கல்), செர்பன்டினைட் (நீர் புகுந்து மாறிய ஆழத்துப் பாறை), நசுங்கிக் கலந்த பாறைகள். திரியாசிக் முடிந்து 20 கோடி ஆண்டு ஆகிறது. சிகாமட் பசால்ட்டின் பொட்டாசியம்-ஆர்கான் வயது (கதிரியக்கச் சிதைவை அளந்து கணித்தது) சுமார் 6.2 கோடி ஆண்டு. மூடிப்போன கடல் 14 கோடி ஆண்டு கழித்து எப்படிக் கக்கும்?

செம்மண்: அப்போ பள்ளம் பொய்யா?

கருங்கல்: பொய்யில்லை. பழைய தட்டிலிருந்து கசிந்த நீர் மேன்டிலின் (பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கின்) மேற்பகுதியில் விட்டுப்போன சுவடு, பிறகு உருகும்போது வெளிப்படலாம். அல்லது மேலேறும் குழம்பு கிரானைட்டைக் கரைத்துக்கொண்டிருக்கலாம். அதில் தோரியம் ஏறும், நையோபியம் அந்த அளவுக்கு ஏறாது. ரசாயனம் சொல்வது குழம்பு எதிலிருந்து வந்தது என்பதை. காலத்தைச் சொல்லாது.

குவாரி: முதலில் கல்லைச் சரியாக எடுங்கள். சிவந்த தோலை உடைத்து, சுத்தியல் பட்டால் கணீரென்று ஒலிக்கும் சாம்பல் கருமை வரும்வரை போக வேண்டும். குழிகளில் வெள்ளை முத்து மாதிரி அடைத்திருக்கும் கால்சைட், சியோலைட் கனிமங்களைக் கையால் பொறுக்கி எறியுங்கள். எரிப்பு இழப்பு (சூடாக்கும்போது குறையும் எடை) 3 சதவீதத்தைத் தாண்டிய கல்லை நான் நம்பமாட்டேன். டங்ஸ்டன் கார்பைடு அரைவையில் அரைத்தால் டான்டலம் கூடி, நீங்கள் சண்டைபோடும் பள்ளமே தூர்ந்துவிடும். அகேட் அரைவைதான் வேண்டும். திறந்த பாத்திரத்து அமிலத்தில் சிர்க்கான் (சிர்க்கோனியம் உள்ள கனிமம்) கரையாது, சிர்க்கோனியம் குறைவாக வரும். லித்தியம் போரேட்டோடு உருக்குங்கள். நம் மழைக்குப் பொட்டாசியம், ரூபிடியம், சோடியம் அடித்துப்போகும். சிகாமட் கல்லோ பொட்டாசியம் மிகுந்தது, அதை இழந்தால் கல்வகையின் பெயரே மாறிப்போகும்.

செம்மண்: பழைய தட்டின் சுவடு என்றால் பாதி என் பக்கம்தான்.

கருங்கல்: மூலத்தைச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன், அண்ணே. ஆனால் நிலவியல் வரைபடத்தில் 6.2 கோடி ஆண்டுக்கு முன் இங்கே தட்டு அமிழ்ந்ததாக எழுதக் கூடாது. சிலிக்கா கூடக்கூட நியோடிமியம் ஐசோடோப் மதிப்பு இறங்கினால், கிரானைட்டை விழுங்கிய குழம்பு. மக்னீசியம் மிகுந்த கல்லிலும் பள்ளம் அதே ஆழத்தில் இருந்தால் மேன்டிலின் சுவடு. இரண்டையும் ஒரே கல் தொகுப்பில் பாருங்கள்.